அது தேய்மானம் இல்லை

அம்மா கால் இடறி விழுந்தார். படியில் உருளவில்லை, வண்டியிலிருந்தும் விழவில்லை, நடந்துகொண்டிருந்தவர் தரையில் கையை ஊன்றினார், அவ்வளவுதான். மணிக்கட்டு முறிந்துவிட்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: "வயசாச்சுல்ல, எலும்புத் தேய்மானம்."

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அப்புறம் உட்கார்ந்து படிக்கப் படிக்க, இந்தத் 'தேய்மானம்' என்ற சொல்லே நம்மைத் தப்பான பக்கம் பார்க்க வைக்கிறது என்று தோன்றியது. செருப்பு தேய்கிறது, சோப்பு தேய்கிறது. புழங்கப் புழங்க வெளியிலிருந்து குறைகிறது. மூட்டில் இருக்கும் குருத்தெலும்புக்கு அந்தச் சொல் ஓரளவு பொருந்தலாம். மாதவிடாய் நின்ற பிறகு எலும்புக்கு நடப்பது, எலும்புப்புரையில் கொண்டுபோய் விடுவது, வேறு. அது உள்ளுக்குள் நடக்கிறது, உடம்பை அசைக்காமல் வைத்திருந்தால் இன்னும் மோசமாகிறது.

எலும்பில் எப்போதும் வேலை நடந்துகொண்டே இருக்கும். ஆஸ்டியோகிளாஸ்ட் என்னும் செல்கள் பழைய எலும்பைக் கரைத்துக் குழி பறிக்கும், பின்னாலேயே ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் வந்து குழியை நிரப்பும். பறிக்கச் சில வாரம் போதும், நிரப்ப மூன்று நான்கு மாதம் ஆகும். பறிக்கும் செல்களைப் பெருக்கிவிடும் சமிக்ஞைப் புரதம் ஒன்று உண்டு, பெயர் ராங்க்-எல். அதை அடக்கி வைப்பதும், பறிக்கும் செல்கள் காலத்தோடு செத்துப்போகும்படி பார்த்துக்கொள்வதும் பெண்களுக்குப் பெரும்பாலும் சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன். மாதவிடாய் நிற்கும் காலத்தில் அது குறைந்ததும் எலும்பில் ஒரே நேரத்தில் நிறைய இடங்களில் குழி விழுகிறது, குழிகளும் ஆழமாகின்றன. நிரப்புகிற செல்களும் சும்மா இருப்பதில்லை, ஆனால் அவற்றால் ஈடுகொடுக்க முடிவதில்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது இதற்கு அடுத்த விஷயம்தான். முதுகின் முள்ளெலும்புக்கு உள்ளே பார்த்தால் அது கெட்டியாக இருக்காது, மெல்லிய தகடுகளும் குச்சிகளும் பின்னிய வலை மாதிரி இருக்கும். நெடுக்காக நிற்கும் குச்சிகள் உடம்பின் பாரத்தைத் தாங்க, குறுக்குக் குச்சிகள் அவற்றை இழுத்துப் பிடித்திருக்கும். ஒரு நீளமான ஈர்க்குச்சியை நிமிர்த்தி வைத்து மேலிருந்து அழுத்திப் பாருங்கள், நடுவில் வளைந்துவிடும். அதே குச்சியின் நடுப்பகுதியை நகராமல் பிடித்துக்கொண்டால், வளையாமல் ஏறக்குறைய நான்கு மடங்கு பாரம் தாங்கும். முள்ளெலும்பில் முதலில் அதிகம் போவது அந்தக் குறுக்குக் குச்சிகள்தான். எடை பார்த்தால் கொஞ்சம்தான் குறைந்திருக்கும், பலமோ அதைவிடப் பல மடங்கு போயிருக்கும். ஒரு குச்சி முழுக்க அறுந்துவிட்டால், புது எலும்பு ஒட்டி வளர அங்கே தளமே இல்லை. மருந்து மிச்சம் இருப்பதைத் தடிக்க வைக்கும், அறுந்த இணைப்பைத் திரும்பக் கொண்டுவருவது ரொம்பக் கஷ்டம்.

இந்த வலைப்பின்னல் எலும்பு மொத்த எலும்பின் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான், ஆனால் பரப்பளவில் பெரும்பங்கு இதனுடையது. கரைப்பது பரப்பில்தானே நடக்கும், அதனால்தான் இது அதிகமாக இருக்கும் மணிக்கட்டும் முதுகும் முதலில் அடிவாங்குகின்றன. கெட்டியான வெளி எலும்பு உள்பக்கமாக மெலிந்து, துளை விழுந்து, இடுப்பு முறிவது பெரும்பாலும் பிற்பாடு.

ஈஸ்ட்ரோஜன் பெண்களுக்கு மட்டுமான சமாச்சாரம் என்றும் நினைக்க வேண்டாம். 1994இல் 28 வயது ஆண் ஒருவரைப் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள். டெஸ்டோஸ்டிரோன் சரியாக இருந்தது, ஈஸ்ட்ரோஜனை ஏற்கும் புரதம் மட்டும் மரபணுக் கோளாறால் வேலை செய்யவில்லை. 204 சென்டிமீட்டர் உயரம், அப்போதும் வளர்ந்துகொண்டிருந்தார், எலும்புப்புரையும் வந்திருந்தது.

எனக்குக் கோபம் வருவது காலக்கணக்கில். வேகமான இழப்பு கடைசி மாதவிடாய்க்குச் சுமார் ஒரு வருடம் முன்பே தொடங்கி, அதற்குப் பிறகு இரண்டு வருடம்வரை நீள்கிறது, அப்புறம்தான் வேகம் தணிகிறது. வேறு ஆபத்துக் காரணம் இல்லாத பெண்ணுக்கு எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கச் சொல்லும் வயதோ பல வழிகாட்டுதல்களில் 65. குச்சிகள் அறுந்து பத்துப் பதினைந்து வருடம் கழித்துப் போய் எண்ணுகிறோம்! அந்த டெக்ஸா ஸ்கேனும் அடர்த்தியைத்தான் சொல்லும், இணைப்பைக் காட்டாது. டி-ஸ்கோர், அதாவது ஆரோக்கியமான இளம் வயது எலும்பின் அடர்த்தியோடு ஒப்பிட்டுத் தரும் மதிப்பெண், மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால்தான் ஸ்கேன் கணக்கில் எலும்புப்புரை என்று பெயர். அம்மாவுடையது மைனஸ் 2.2. முறிவு ஏற்படுபவர்களில் நிறைய பேர் இந்தக் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறார்கள். முதுகை எக்ஸ்ரே எடுத்தபோது ஒரு முள்ளெலும்பு முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி இருந்தது. எப்போது நடந்தது என்று அம்மாவுக்கே தெரியாது. முள்ளெலும்பு நசுங்கினால் உயரம் குறையும், ஆனால் மேல்தட்டு டப்பா எட்டவில்லை என்று அவர் சொன்னபோது நாங்கள் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மருந்து இருக்கிறது, வேலையும் செய்கிறது. ஹார்மோன் சிகிச்சை இடுப்பு முறிவைக் குறைக்கும் என்று 2002இல் வந்த பெரிய ஆய்விலேயே தெரிந்தது, ஆனால் மார்பகப் புற்றுநோய், பக்கவாத ஆபத்தையும் அதே ஆய்வு காட்டியதால் மருத்துவரிடம் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். ராங்க்-எல்லைத் தடுக்கும் டெனோசுமாப் ஊசி போடுபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்த ஊசியை நீங்களாக நிறுத்தினால் கரைப்பு பழைய வேகத்தைத் தாண்டிப் பாயும், முள்ளெலும்புகள் அடுத்தடுத்து முறியலாம்.

அக்காவுக்கு 42 வயதில் கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அப்படியென்றால் ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் விழுந்திருக்கும். எலும்பைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேற்றிரவு போனில் கேட்டேன், "அக்கா, உனக்கு எலும்பு ஸ்கேன் எடுத்தாங்களா?" என்று. "எனக்கு எதுக்குடி, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்றாள். வியாழக்கிழமை நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.