மூன்று பள்ளிகள் சேர்ந்து ஒரு வேலை

15 ஜூலை 2025

பினாங்குத் தீவில் ஒன்று, எதிரே பெருநிலத்தில் உள்ள செபராங் பிறையில் இரண்டு என மூன்று தமிழ்ப்பள்ளிகள். ஐந்தாம் ஆண்டு மாணவர்களின் தமிழ்க் கட்டுரைகளைச் சேர்ந்து மதிப்பிடுவது என்று முடிவாகியிருக்கிறது. எனக்கு இதில் மிகுந்த ஆசை. ஆறாம் ஆண்டு முடிவில் நடந்த யூபிஎஸ்ஆர் அரசுத் தேர்வை 2021இல் நீக்கிய பிறகு வகுப்பறை மதிப்பீட்டின் கனம் கூடிவிட்டது. ஒன்று முதல் ஆறு வரையுள்ள அடைவுநிலையில் ஒரு பிள்ளைக்கு 4ஆ 5ஆ என்று வகுப்பாசிரியர்தான் முடிவு செய்கிறார். பக்கத்துப் பள்ளி ஆசிரியர் அதே கட்டுரைக்கு என்ன தருவார் என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை.

இன்றைய கூட்டத்தில் பாதி நேரம் அழைப்புக் கடிதத்தில் யார் கையெழுத்திடுவது என்பதிலேயே போயிற்று. அதை நான் அற்பமாக நினைக்கவில்லை. மூன்று பேருமே தலைமையாசிரியர்கள். ஒருவருக்கு ஒருவர் மேலதிகாரி அல்ல. ஆனால் சிக்கல் வந்தால் மாவட்டக் கல்வி அலுவலகம் கையெழுத்திட்டவரைத்தான் கேட்கும். அடுத்த பள்ளி ஆசிரியருக்கு உத்தரவிட முடியாதவர் அந்தப் பொறுப்பை எப்படி ஏற்பார்?

18 ஜூலை

சிறிய பள்ளியின் தலைமையாசிரியை அழைத்தார். அவருடையது 150 மாணவருக்கும் குறைவான பள்ளி. நிர்வாகத்தோடு அவரும் பாடம் நடத்துகிறார்.

"சார், ஒரு டீச்சரை அனுப்பினா ரெண்டு வகுப்பை ஒண்ணா உட்கார வைக்கணும். தீவுல பெரிய பள்ளியில இருக்கிறவங்களுக்கு அது புரியறதில்ல. எப்பவும் நாங்கதான் பாலம் ஏறி வரணுமா?"

நியாயமான கேள்வி. 2023இல் வந்த புதிய ஃபெரிகளில் கார் ஏற்ற முடியாது. வாகனம் என்றால் மோட்டார் சைக்கிளும் மிதிவண்டியும் மட்டும்தான். காரில் வருபவர்களுக்குப் பாலம்தான் வழி, திரும்பும்போது தொழிற்சாலை விடும் நேர நெரிசல் வேறு. பெரிய பள்ளியில் மண்டபம் இருக்கிறது, குளிர்சாதனம் இருக்கிறது என்பதற்காக எல்லாக் கூட்டமும் அங்கேயே நடந்தால், மற்ற இரண்டு பள்ளிகளும் விருந்தாளிகளாகவே இருந்துவிடும்.

22 ஜூலை

உண்மையான தயக்கம் இன்றுதான் வெளியே வந்தது. பெருநிலத்தில் உள்ள இரண்டு பள்ளிகளும் ஒரே வட்டாரம். முதலாம் ஆண்டுப் பதிவுக்கு அதே குடும்பங்களைத்தான் இருவரும் தேடிப் போகிறார்கள். "எங்க பிள்ளைங்க கட்டுரை வெளியே போனா, அடுத்த வருஷப் பதிவு என்ன ஆகும்?" என்றார் ஒரு தலைமையாசிரியர். மாநிலத்தில் இருப்பதே 28 தமிழ்ப்பள்ளிகள். அவற்றில் ஒன்றின் எண்ணிக்கை குறைந்தால் அடுத்ததற்கு லாபம் என்ற கணக்கு நம்மை எங்கே கொண்டு விடும்? இருந்தாலும் அவர் பயம் பொய்யில்லை. வேலை நடக்க வேண்டுமென்றால் அதற்கு வழி சொல்லியாக வேண்டும்.

பேசிப் பேசி ஓர் ஏற்பாடு செய்தோம். கட்டுரைகளில் பிள்ளையின் பெயரும் பள்ளியின் பெயரும் இருக்காது, எண் மட்டும். முடிவுகளை ஃபேஸ்புக்கில் போடக் கூடாது. முதல் அமர்வு சிறிய பள்ளியில், அந்தத் தலைமையாசிரியையின் தலைமையில். பெரிய பள்ளித் தலைமையாசிரியர் சற்று யோசித்துவிட்டு, "சரி, நான் ஆசிரியரோட ஆசிரியரா உட்கார்றேன்" என்றார். அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

2 ஆகஸ்ட், சனி

இன்று முதல் அமர்வு. தண்ணீர்மலை தைப்பூசத்தைப் பற்றி ஒரு பிள்ளை எழுதிய கட்டுரை. ல, ள, ழ எல்லாம் இடம் மாறிக் கிடந்தன. ஆனால் காவடிக்குப் பின்னால் வியர்வையோடு நடக்கும் அப்பாவை அப்படியே கண்முன் நிறுத்தியிருந்தது அந்தப் பிள்ளை. ஒருவர் 3 கொடுத்தார், இன்னொருவர் 5. ஒரே பாடத்திட்டம், ஒரே அடைவுநிலை விளக்க அட்டவணை! தலைமையாசிரியை தன் கருத்தைச் சொல்லவே இல்லை. வயதில் இளைய ஆசிரியையை முதலில் பேச வைத்தார், மூத்தவர்கள் கடைசியில். முதலில் பெரியவர்கள் பேசியிருந்தால் அந்தப் பெண் வாயே திறந்திருக்க மாட்டார். அவர் சொன்ன காரணத்தைக் கேட்டு 3 கொடுத்தவர் மாற்றிக்கொண்டார்.

5 ஆகஸ்ட்

மூவரில் ஒருவர் விரைவில் ஓய்வு பெறுகிறார். இன்னொருவருக்கு எப்போது வேண்டுமானாலும் மாற்றல் வரலாம். நட்பை மட்டும் நம்பினால் புதியவர் வந்ததும் எல்லாம் நின்றுவிடும். ஆகவே சுழற்சித் தலைமை, அமர்வுத் தேதிகள், கட்டுரைகளில் பெயர் இருக்கக் கூடாது என்ற விதி ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, 2026 ஜனவரியில் தொடங்கும் தவணையின் ஆண்டுத் திட்டத்தில் மூன்று பள்ளிகளும் சேர்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.

ஒவ்வொரு சனிக்கிழமையையும் ஆசிரியர்களிடம் கேட்க முடியாது. வார நாளில் வைத்தால் சிறிய பள்ளிக்கு மாற்று ஆசிரியர் வேண்டும். பெரிய பள்ளியிலிருந்து ஒருவரை அன்று காலை அங்கே அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறேன். அனுமதிக் கடிதத்துக்காக நாளை மாவட்ட அலுவலகம் போகிறேன்.