பெருமாள் கோயில் பந்தியில் ஓர் ஊர்

புரட்டாசி பிறந்துவிட்டால் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக்கு வேறு களை வந்துவிடும். சனிக்கிழமைகளில் பொழுது புலரும்போதே ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில் வாசலில் வரிசை நீண்டிருக்கும். இரவு வேலை முடித்து நேராக வந்த தொழிலாளர்கள், கைக்குழந்தையோடு இளம் தாய்மார்கள், முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் நிற்கும் பெரியவர்கள். ‘கோவிந்தா’ என்று ஒருவர் தொடங்கினால் போதும், சாலை வரை அந்தக் குரல் தொடரும்.

1855-ல் எழுந்த கோயில் இது. அப்போது நரசிங்கப் பெருமாள் கோயில் என்று பெயர். 1978-ல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. கடந்த புரட்டாசியில் அம்மாவுடன் போயிருந்தேன். மகாலட்சுமியையும் ஆண்டாளையும் சேவித்துவிட்டுப் பெருமாள் முன் நின்றபோது, கேட்க வேண்டும் என்று நினைத்து வந்ததெல்லாம் மறந்துபோயிற்று. தீர்த்தமும் துளசியும் வாங்கிக்கொண்டு, கையில் விழுந்த ஒரு பிடி புளியோதரையோடு அன்னதானக் கூடத்துக்கு நடந்தோம்.

புளியோதரையில் எந்த மாற்றமும் இல்லை. புளிக்காய்ச்சல், நல்லெண்ணெய், வெந்தயம், பெருங்காயம். ஸ்ரீரங்கத்தில் சாப்பிட்டவர் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாலும் இனம் கண்டுகொள்வார். அப்படித்தான் இருக்க வேண்டும். மடைப்பள்ளி பழையதைக் காக்கும் இடம்.

பந்தி வேறு. அங்கே சோறு, சாம்பார், பொரியல், பாயசம் ஆகியவற்றோடு மீஹூன் வந்தது. அரிசிச் சேமியாவை ஊறவைத்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, அரைத்த மிளகாய் விழுது சேர்த்து, முட்டைக்கோஸ், கேரட், பொரித்த தவுக்குவா (கெட்டியான சோயாக் கட்டி) துண்டுகள் போட்டுப் பெரிய வாணலியில் கிளறியது. பரிமாற வந்த இளம் பெண் கரண்டியால் அழுத்தி அள்ளியபோது, பக்கத்தில் நின்ற மூத்த தொண்டர் ஓர் அம்மா, “அம்மாடி, அழுத்தாதே, கட்டியாகிவிடும். தளர்த்தித் தளர்த்தி எடு” என்று கையைப் பிடித்துக் காட்டினார். சீனர்கள் கொண்டுவந்த பண்டம், நம் தாளிப்பு, பெருமாள் கோயில் பந்தி. தட்டு ஏந்தியிருந்த ஒருவர் முகத்திலும் வியப்பில்லை. சாம்பாரை எப்படி வாங்கினார்களோ அப்படியே இதையும் வாங்கினார்கள்.

ஓர் ஊரின் உணவு எது என்று அறிய, நான் உணவகங்களைவிட அன்னதானப் பந்தியையே நம்புகிறேன். கடையில் யாருக்கு எது வேண்டுமோ அதைச் சமைத்து விற்கலாம். பந்தியில் அது நடக்காது. கேட்காமலே எல்லோரும் கை நீட்டக்கூடியது, விரதத்துக்கு ஒத்துவருவது, ஆயிரம் பேருக்கு ஆக்கினாலும் கெடாதது என்று சமையற்காரர் எதை நினைக்கிறாரோ அதுதான் வாணலியில் ஏறும். சிங்கப்பூரில் மண்ணை வைத்து ஊர்ச் சமையலைச் சொல்ல முடியாது. இங்கே உண்ணும் உணவில் 90 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. தஞ்சாவூர்க்காரர் தன் வயலைக் காட்டலாம். நாங்கள் எங்கள் பந்தியைத்தான் காட்ட முடியும்.

சாப்பிட்ட பின் தேக்கா வழியாக வாட்டர்லூ வீதிக்கு நடந்தோம். வெயில் ஏறிவிட்டது, ஆனாலும் பெருமாளைப் பார்த்த நாளில் கிருஷ்ணனையும் பார்த்துவிட வேண்டும் என்பது அம்மாவின் பிடிவாதம். அந்த ஸ்ரீ கிருஷ்ணன் கோயில் 1870-ல் ஓர் ஆலமரத்தடியில் தொடங்கியது. 2014-ல் அதுவும் தேசிய நினைவுச் சின்னமானது. சில அடி தூரத்தில் குவான் யின் அம்மன் கோயில், 1884-ல் தொடங்கியது. அங்கே கும்பிட்டுவிட்டு வரும் சீனப் பக்தர்கள் கிருஷ்ணன் வாசலிலும் நின்று ஊதுபத்தி ஏற்றுகிறார்கள். அன்று ஒரு முதியவர் மூன்று பத்திகளை நெற்றிக்கு நேராகப் பிடித்து, மும்முறை குனிந்து வணங்கி, கலசத்துச் சாம்பலில் ஊன்றினார். அருகிலேயே அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

சீனர்களில் பலர் தங்கள் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் உண்கிறார்கள். அதாவது நம் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்கள். அவர்களுடைய ஒன்பதாம் மாதத்தின் முதல் ஒன்பது நாட்கள் ஒன்பது பேரரசத் தெய்வங்களுக்கான விரதம்; பல ஆண்டுகளில் அது நம் நவராத்திரியோடு சேர்ந்தே வருகிறது. 2024-ல் இரண்டும் அக்டோபர் 3 அன்று தொடங்கின. இன்னொன்றும் உண்டு. பௌத்த வழிச் சீனச் சைவத்தில் வெங்காயம், பூண்டு கிடையாது. வைணவ மடைப்பள்ளியிலும் கிடையாது. இரண்டு வெவ்வேறு மரபுகள், ஒன்றையொன்று கேளாமலே ஒரே கட்டுப்பாட்டுக்கு வந்திருக்கின்றன. அதனால்தான் விரதகாலத்தில் அம்மா மனக்கிலேசம் இல்லாமல் வாட்டர்லூ வீதியை ஒட்டிய ஃபார்ச்சூன் சென்டரின் சீனச் சைவக் கடைகளில் அமர்கிறார். தவுக்குவா நம் பந்திக்கு வந்த வழியும் இந்த அக்கம்பக்கந்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் ஜாவாக்காரர்களின் தெம்பேயும் அப்படித்தான் எங்கள் வீட்டில் பயற்றங்காயோடு வறுவலாகிவிட்டது.

எல்லாவற்றையும் நான் ஏற்றுக்கொள்கிறேன் என்றில்லை. சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்யும் ‘சைவ ஆட்டுக்கறி’யும் அதே சீனச் சைவச் சமையலிலிருந்து வந்ததுதான். இங்குள்ள தமிழ் வீடுகளில் வெள்ளிக்கிழமைப் பிரட்டலாக நன்றாகவே வேரூன்றிவிட்டது. விருந்தில் இருந்தால் சாப்பிடுவேன். ஆனால் கறியை விட்டுவிட்டேன் என்று பெருமாளிடம் சொன்ன மாதத்தில், கறியின் நாரும் மணமும் கொண்ட ஒன்றை இலையில் வாங்க மனம் வருவதில்லை. அம்மா இதை ஒப்புக்கொள்வதில்லை. “உயிர் போகவில்லையே, பிறகென்ன?” என்பார். இந்த வாக்குவாதம் எங்கள் வீட்டில் மட்டுமல்ல, தெரிந்த பல வீடுகளிலும் புரட்டாசிதோறும் நடக்கிறது. தமிழ்நாட்டு உறவினர்களிடம் சொன்னால் சண்டை எதைப் பற்றி என்றே அவர்களுக்கு விளங்காது. இது முழுக்க முழுக்க இந்த ஊர்ச் சண்டை.

சிங்கப்பூருக்கு வருகிறவர்கள் புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றையாவது இதற்கென ஒதுக்குங்கள். பெருமாள் கோயிலுக்கு ஃபேரர் பார்க் ரயில் நிலையத்தில் இறங்கி நடக்கலாம்; கிருஷ்ணன் கோயிலுக்குப் பென்கூலன், பூகிஸ் இரண்டும் பக்கம். விடிகாலையிலேயே போய்விட்டால் வரிசையில் நிற்பது எளிது. தரிசனம் முடிந்ததும் அவசரப்பட்டுக் கிளம்பிவிடாமல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். மீஹூன் வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.