சாவி கொடுத்த அப்புறம் அந்த பில்டிங் என்ன ஆச்சு?

ரெண்டு மாசமா ராத்திரி உக்காந்து கட்டிடக்கலை ஆராய்ச்சிக் கட்டுரைகளா படிச்சிட்டு இருக்கேன். நான் படிக்கிற காலத்துல ஆராய்ச்சின்னாலே புது வடிவம், புது சாஃப்ட்வேர், வளைஞ்சு நெளிஞ்ச கூரைன்னுதான் பேசுவோம், இப்போ கையில எடுக்கிற பேப்பர் எல்லாம் ஏற்கனவே நிக்கிற கட்டிடத்தைப் பத்தியே இருக்கு. கட்டி முடிச்சு சாவி கொடுத்த அப்புறம் அது எப்படி நடந்துக்குது, உள்ள இருக்கிறவங்க எப்படி இருக்காங்க, அதை இடிக்காம எப்படி காப்பாத்தலாம், இதுதான் பேச்சு.

இது எனக்கு ஏன் இவ்ளோ முக்கியம்னா, வேலைக்கு சேர்ந்த புதுசுல ஒரு ஆபீஸ் பில்டிங்குக்கு எலிவேஷன் வரைஞ்சேன், மேற்கு பக்கம் முழுக்க கண்ணாடி. சில வருஷம் கழிச்சு வேற வேலையா அதுக்குள்ள போனப்போ மதியம் மூணு மணி, கண்ணாடி பூரா சார்ட் பேப்பர் ஒட்டி வச்சிருக்காங்க, பட்டப்பகல்ல டியூப்லைட் எரியுது. அங்க வேலை பாக்குற ஒரு அக்கா "வெயில் மூஞ்சிலயே அடிக்குது தம்பி, ஸ்கிரீன்ல ஒண்ணும் தெரியல"ன்னாங்க. அதுவரைக்கும் எங்க டீம்ல ஒருத்தர் கூட திரும்பப் போய் கேட்டதில்ல.

இப்படி திரும்பப் போய் கேக்குறதுக்கு போஸ்ட் ஆக்குபன்சி எவாலுவேஷன்னு பேரு. 1990கள்ல பிரிட்டன்ல ப்ரோப்னு ஒரு ஆய்வு வரிசை நடந்துச்சு, பேர் வாங்கின கட்டிடங்களுக்கே போய் கரண்ட் எவ்ளோ செலவாகுது, ஆளுங்க என்ன சொல்றாங்கன்னு பாத்தாங்க. டிசைன்ல போட்ட கணக்குக்கும் மீட்டர் காட்டினதுக்கும் பெரிய இடைவெளி. காரணம் எல்லாம் சாதாரண விஷயம்தான்: யாருக்கும் புரியாத கன்ட்ரோல் பேனல், ஆளில்லாத நேரத்துலயும் ஓடுற மெஷின், கை எட்டாத ஜன்னல். இந்த இடைவெளிய இன்னிக்கு பெர்ஃபாமன்ஸ் கேப்னு சொல்றாங்க, அதுவே தனி ஆராய்ச்சித் துறை மாதிரி வளர்ந்துடுச்சு.

அதோட ஒட்டியே வர்றது வெப்ப சௌகரியம். ஏசி ஆபீஸ்ல ஒருத்தர் ஸ்வெட்டர் போட்டுட்டு உக்காந்திருப்பாங்க, பக்கத்து சீட்காரர் இன்னும் ரெண்டு டிகிரி குறைங்கம்பார், பாத்திருப்பீங்க. 2015ல நேச்சர் கிளைமேட் சேஞ்ச்ல வந்த ஒரு பேப்பர் இதோட வேரைப் பிடிச்சது. நம்ம உடம்பு எவ்ளோ சூடு உற்பத்தி பண்ணுதுன்னு கணக்குல போடுற எண் 40 வயசு, 70 கிலோ எடை இருக்கிற ஒரு ஆணை வச்சு வந்ததாம், பெண்களுக்கு அது 35% வரைக்கும் கூடுதலா காட்டலாம், அப்போ ஏசி அவங்களுக்குத் தேவைக்கு மேல குளிரும்னு அதுல சொன்னாங்க. அதுக்கு முன்னாடியே, 1998ல, டி டியர், ப்ரேகர்னு ரெண்டு பேரு 160 கட்டிடங்கள்ல எடுத்த சுமார் 21,000 பதிவுகளை வச்சு ஒண்ணு காட்டினாங்க: ஜன்னலைத் தானே திறந்து மூடிக்கிற இடத்துல இருக்கிறவங்க, மூடின ஏசி கட்டிடத்துல இருக்கிறவங்களை விட அதிக வெப்பநிலை வித்தியாசத்தை ஏத்துக்கிறாங்க, வெளிய சூடு ஏறினா அவங்க எதிர்பார்ப்பும் கூடவே நகருது. 2004ல இது ஆஷ்ரே 55லயும் சேர்ந்துடுச்சு, கட்டிடத்துக்குள்ள வெப்ப சௌகரியம் எப்படி இருக்கணும்னு சொல்ற அமெரிக்க தரவிதி அது. ஒரு ஜன்னல் கொக்கிக்கு இவ்ளோ மதிப்பு இருக்குன்னு எனக்கு யாரும் சொல்லித் தரல, சொல்லித் தந்திருக்கணும்.

இன்னொரு பெரிய திருப்பம் கார்பன் கணக்கு. முன்னாடி கட்டிடம் ஓடுறப்போ ஆகுற கரண்டை மட்டும்தான் பாப்போம், இப்போ அதைக் கட்டுறதுக்கே எவ்ளோ கார்பன் போச்சுன்னு பாக்குறாங்க, எம்பாடீட் கார்பன்னு சொல்றது அதைத்தான். சிமெண்ட்ல பிரச்சனை எரிபொருள் மட்டும் இல்ல, சுண்ணாம்புக்கல்லை சூடு பண்ணினா அந்தக் கல்லே கார்பன் டை ஆக்சைடை விடும், அதனால சூளையை சோலார்ல ஓட்டினாலும் அந்தப் பங்கு அப்படியே நிக்கும். அதான் கிளிங்கரை, அதாவது அந்தக் கல்லை சூளைல சுட்டு எடுக்கிற சிமெண்ட்டோட முக்கியப் பொருளை, குறைக்கிற ஆராய்ச்சி இவ்ளோ சூடு பிடிச்சிருக்கு. எல்சி3னு ஒரு சிமெண்ட், பாதி கிளிங்கர்தான், மீதில பெரும்பகுதி சுட்ட களிமண்ணும் அரைச்ச சுண்ணாம்புக்கல்லும். சுவிட்சர்லாந்து, கியூபா, இந்தியா ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து வளர்த்தது, கார்பன் 40% வரைக்கும் குறையும்ங்கிறாங்க. கான்கிரீட்டை 3டி பிரிண்ட் பண்றது பத்தியும் பேப்பர் கொட்டுது, ஆனா அந்தக் கலவைல பெரும்பாலும் வழக்கத்தை விட சிமெண்ட் அதிகம் போடுறாங்க, அதனால எனக்கு அதுல இன்னும் மனசு ஒட்டல.

இந்த கார்பன் கணக்கு போட்டா, இடிச்சுட்டுக் கட்டுறதுங்கிறது லேசான முடிவா தெரியாது. பிரான்ஸ்ல போர்தோ நகரத்துல கிராண்ட் பார்க்னு 1960கள்ல கட்டின மூணு பிளாக், மொத்தம் 530 வீடு. லகத்தோன், வசால்னு ரெண்டு ஆர்கிடெக்ட்டும் கூட்டாளிகளோட சேர்ந்து அதை இடிக்கல, வெளிச்சுவரோட சேர்த்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெரிய வெயில் வராண்டாவை ஒட்டினாங்க, சின்ன ஜன்னலை எடுத்துட்டு பெரிய ஸ்லைடிங் கதவு வச்சாங்க, வேலை நடக்குறப்பவும் குடியிருந்தவங்க அங்கயேதான் இருந்தாங்க. 2019ல அதுக்கு ஐரோப்பாவோட மீஸ் கட்டிடக்கலை விருது, 2021ல அவங்க ரெண்டு பேருக்கும் கட்டிடக்கலைல பெரிய விருதான பிரிட்ஸ்கர். அந்த பிளானை நான் எத்தனை தடவை பாத்திருப்பேன்னு தெரியாது, வீடு பெருசாகுது, வெளிச்சம் வருது, யாரும் மூட்டை கட்டல, எவ்ளோ அழகு!

இதெல்லாம் படிச்சுட்டு சும்மா இருக்க முடியல, நான் முன்னாடி வேலை பாத்த ஒரு பில்டிங்கோட மேனேஜருக்கு ஃபோன் பண்ணி டெம்பரேச்சர் சென்சார் வைக்கட்டுமான்னு கேட்டேன். "ஏதாவது கம்ப்ளைண்ட் வந்துச்சா சார்?"னு பதறினார். இல்ல சார், எங்களுக்குத் தெரிஞ்சுக்கணும், அவ்ளோதான்னேன். மேற்கு ரூம்ல ஒண்ணு, மேல் மாடி ஸ்லாப்புக்கு (கான்கிரீட் கூரைக்கு) நேர் கீழ ஒண்ணு வச்சிருக்கோம். முதல் வார ரீடிங்ல ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் மாடி ரூம் வெளிய இருக்கிறதை விட சூடா நிக்குது, ஸ்லாப் பகல் பூரா வாங்கின சூட்டை அப்பதான் உள்ள விடுது. அடுத்த மாசம் மேல வெள்ளை பூச்சு அடிக்கலாம்னு ஒத்துக்கிட்டார், பாதி மாடிக்கு மட்டும் அடிச்சு, அடிக்காத பாதிக்குக் கீழ இன்னொரு சென்சார் வைக்கப் போறேன்.