அக்கா மெயில்ல ஒளிஞ்சிருந்த ஃபில்டர்

போன மாசம் ஒரு நாள் ராத்திரி அக்கா போன் பண்ணி, "டேய், என் பேர்ல யாரோ கஸ்டமருக்கு மெயில் போட்டிருக்காங்கடா, பேங்க் அக்கவுன்ட் மாறிடுச்சு இனிமே இதுல போடுங்கன்னு, அவரும் போட்டுட்டாரு"ன்னு சொன்னா, குரலே சரியில்ல. வீட்ல இருந்தே மொழிபெயர்ப்பு வேலை பண்றவ, எல்லா கஸ்டமரும் மெயில்லதான் பேசுவாங்க. "பாஸ்வேர்ட ரெண்டு தடவ மாத்திட்டேன்டா, அப்பறமும் நேத்து ஒருத்தர் பில்ல பத்தி போட்ட ரிப்ளை எனக்கு வரவே இல்ல, ஆனா அத அவன் படிச்சிருக்கான்"னு சொன்னப்பதான் எனக்கு சந்தேகம் வந்துச்சு.

மறுநாள் போய் பக்கத்துல உக்காந்து லேப்டாப்ல மெயில் செட்டிங்ஸ திறந்தோம். ஃபில்டர்னு ஒரு பக்கம் இருக்கும், நம்மள்ல முக்காவாசி பேர் அங்க எட்டிக்கூட பார்த்திருக்க மாட்டோம். அதுல ஒரே ஒரு வரி. மெயில்ல "இன்வாய்ஸ்" இல்லன்னா "பேமென்ட்"னு ஒரு வார்த்தை வந்தா, இந்த அட்ரஸுக்கு ஃபார்வர்ட் பண்ணு, படிச்சதா மார்க் பண்ணு, இன்பாக்ஸ்ல காட்டாம ஆர்க்கைவுக்கு தள்ளிடு. அந்த அட்ரஸ் யாரோடதுன்னு அவளுக்கும் தெரியல எனக்கும் தெரியல. அவன் ஒரே ஒரு தடவ உள்ள வந்து இத எழுதி வெச்சிட்டு போயிட்டான், அதுக்கப்பறம் உள்ள வரவேண்டிய அவசியமே இல்ல. பாஸ்வேர்ட எத்தன தடவ மாத்தினாலும் ஃபில்டர் அது பாட்டுக்கு வேலை செஞ்சிட்டேதான் இருக்கும். அப்பறம் அக்கா அட்ரஸ் மாதிரியே ஒரு எழுத்து மட்டும் மாத்தி புதுசா ஒரு ஐடி பண்ணி, அதுலேருந்து கஸ்டமருக்கு எழுதியிருக்கான்.

எப்படி உள்ள வந்தான்? ஹேவ் ஐ பீன் போன்ட்னு ஒரு சைட் இருக்கு, 2013-ல ட்ராய் ஹன்ட்னு ஒரு செக்யூரிட்டி ஆள் ஆரம்பிச்சது, நம்ம மெயில் ஐடிய போட்டா எந்தெந்த சைட்டோட டேட்டா லீக் ஆனதுல நம்ம ஐடி மாட்டியிருக்குன்னு காட்டும். அக்காவோடது ஒரு பழைய ஷாப்பிங் சைட் லீக்ல இருந்துச்சு. அங்க போட்ட அதே பாஸ்வேர்டதான் மெயிலுக்கும் வெச்சிருந்தா. அவ்வளவுதான் விஷயம், ஹேக்கிங்னு சொல்ற அளவுக்கு பெருசா அவன் ஒண்ணும் பண்ணல.

இதுக்கப்பறம் நாங்க ரெண்டு பேரும் உக்காந்து எந்த மெயில் சர்வீஸ் வெச்சுக்கலாம்னு யோசிச்சோம். பொதுவா எல்லாரும் எத்தன ஜிபி குடுக்கறாங்கன்னுதான் பாக்கறாங்க. 2004-ல ஜிமெயில் வந்தப்ப ஒரு ஜிபிங்கறது பெரிய ஆச்சரியம், இப்ப அதுவே 15 ஜிபி, ட்ரைவ் போட்டோஸ் எல்லாம் சேத்துதான், பெரும்பாலானவங்களுக்கு அது தாராளம். நான் முதல்ல பாக்கறது வேற ஒண்ணு. நானே வெளிய மாட்டிக்கிட்டா திரும்ப உள்ள வர என்ன வழி? ஏன்னா பேங்க், வேலை, போட்டோ, மத்த எந்த அக்கவுன்ட்டா இருந்தாலும் "பாஸ்வேர்ட் மறந்துட்டீங்களா"ன்னு அமுக்கினா லிங்க் வந்து விழறது இந்த ஒரு இன்பாக்ஸ்லதான். இது போச்சுன்னா வரிசையா எல்லாம் போகும்.

அந்த கண்ணோட பாத்தா, ஆபீஸ்லயோ காலேஜ்லயோ குடுத்த ஐடிய சொந்த விஷயத்துக்கு வெச்சுக்கவே கூடாது, அங்கேருந்து வெளிய வர்ற அன்னிக்கு மூடிடுவாங்க. இன்டர்நெட் கனெக்ஷனோட சேத்து குடுக்கற ஐடியும் அப்படித்தான். ஜிமெயில், அவுட்லுக் மாதிரி பெரிய சர்வீஸ்ல பாதுகாப்பு வசதி எல்லாமே நல்லா இருக்கு, ஸ்பேம் வடிகட்டறதும் அருமை, ஆனா இலவச அக்கவுன்ட் லாக் ஆச்சுன்னா போன் பண்ணி பேச ஒரு மனுஷன் கிடைக்கறது ரொம்ப கஷ்டம், நாம முன்னாடியே குடுத்து வெச்ச ரெக்கவரி மெயிலும் நம்பரும்தான் கதி. இன்னொண்ணு, ரெண்டு வருஷம் தொடாம விட்ட தனிநபர் அக்கவுன்ட்ட அழிப்போம்னு கூகுள் 2023-ல அறிவிச்சாங்க, அதனால ரெக்கவரிக்குன்னு ஒரு பழைய ஐடிய குடுத்துட்டு அத மறந்துடறவங்க அப்பப்ப போய் லாகின் பண்ணி பாத்துக்கணும்.

மெயில யாருமே படிக்கக்கூடாதுன்னு நினைக்கறவங்களுக்கு புரோட்டான் மெயில், டூட்டா ரெண்டும் நல்ல தேர்வு. புரோட்டான் சுவிட்சர்லாந்துல இருக்கு, சேர்ன் ஆராய்ச்சி மையத்துல சந்திச்சவங்க 2014-ல கொண்டு வந்தது, டூட்டா ஜெர்மனி. நம்ம மெயில் பெட்டிய அவங்களாலயே திறந்து படிக்க முடியாத மாதிரி என்கிரிப்ட் பண்ணி, அதாவது சாவி இல்லாம யாருக்கும் புரியாத எழுத்தா மாத்தி வெக்கறாங்க. ஆனா இதுல தப்பா புரிஞ்சுக்கறது நிறைய நடக்குது. நீங்க புரோட்டான்ல இருந்து வேற சர்வீஸ்ல இருக்கறவருக்கு சாதாரணமா எழுதினா, அவர் பக்கம் இருக்கற காப்பி அவரோட சர்வீஸ்கிட்ட சாதாரணமாதான் இருக்கும். சப்ஜெக்ட் லைன புரோட்டான் அந்த முழு என்கிரிப்ஷனுக்குள்ள கொண்டு வரல, டூட்டா கொண்டு வந்திருக்காங்க. அப்பறம் புரோட்டான்ல பாஸ்வேர்ட மறந்து ரீசெட் பண்ணா, ரெக்கவரி ஃப்ரேஸோ (மீட்கறதுக்குன்னு அவங்க குடுக்கற சில வார்த்தைகள்) ரெக்கவரி ஃபைலோ மாதிரி ஒரு வழிய முன்னாடியே எடுத்து வெக்கலன்னா அதுவரைக்கும் வந்த பழைய மெயில் எதையும் திறக்க முடியாது. அவங்களாலயே படிக்க முடியாதுன்னா அதுக்கு அர்த்தம் இதுவும்தானே. அக்கா இத கேட்டுட்டு ரொம்ப நேரம் யோசிச்சு, எனக்கு பழைய மெயில் போகாம இருக்கறதுதான் முக்கியம்னு சொல்லி இருந்த இடத்துலயே இருக்கேன்னுட்டா. சரியான முடிவுதான்னு நினைக்கறேன்.

இருந்த இடத்துலயே இருந்தாலும் பூட்ட மாத்தணும் இல்லையா. ஃபில்டர ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு டெலீட் பண்ணோம், புகார் குடுக்கறப்ப காட்ட வேணுமே. ஃபார்வர்டிங் பக்கம், மெயில படிக்க அனுமதி வாங்கின வெளி ஆப்ஸ், ரெக்கவரி நம்பர், எல்லாத்தையும் ஒவ்வொண்ணா பாத்து, லாகின் ஆகியிருந்த எல்லா டிவைஸ்லேருந்தும் வெளிய வந்தோம். பாஸ்வேர்ட் எல்லாத்தையும் பூட்டி ஞாபகம் வெச்சுக்கற பாஸ்வேர்ட் மேனேஜர் ஆப் ஒண்ணு போட்டு மெயிலுக்கு மட்டும் வேற எங்கயும் இல்லாத நீளமான பாஸ்வேர்ட் வெச்சோம்.

ரெண்டாவது பூட்டுக்கு எஸ்எம்எஸ் ஓடிபி, ஒண்ணுமே இல்லாததுக்கு அது பரவால்ல, ஆனா நம்ம நம்பருக்கு டூப்ளிகேட் சிம் வாங்கிட்டா ஓடிபி அவனுக்கு போயிடும். ஆத்தென்டிகேட்டர் ஆப்ல 30 செகண்டுக்கு ஒரு தடவ மாறற கோட் அதவிட மேல், அதையும் போலி லாகின் பக்கத்துல நாமளே டைப் பண்ணி குடுத்துட்டா போச்சு. இதுல எனக்கு ரொம்ப நம்பிக்கை இருக்கறது பாஸ்கீ மேலதான், பாஸ்வேர்ட் டைப் பண்றதுக்கு பதிலா நம்ம போன்லயோ லேப்டாப்லயோ இருக்கற ஒரு டிஜிட்டல் சாவி அது. அது எந்த சைட்டுக்குன்னு உண்டாச்சோ அந்த அட்ரஸ்ல மட்டும்தான் வேலை செய்யும், ஒரு எழுத்து மாத்தின போலி பக்கத்துல நாம ஏமாந்தாலும் அது ஏமாறாது.

செக்யூரிட்டி கேள்வி எங்கயாவது கேட்டா உண்மையான பதில குடுக்காதீங்க. 2013-ல யாஹூல நடந்த திருட்டுல 300 கோடி அக்கவுன்ட்டும் மாட்டுச்சுன்னு 2017-லதான் சொன்னாங்க, அதுல சில அக்கவுன்ட்டோட செக்யூரிட்டி கேள்வி பதிலும் சேந்து போச்சு. பாஸ்வேர்ட மாத்திடலாம், அம்மா பிறந்த ஊர மாத்த முடியுமா? ஏதாவது சம்பந்தமில்லாத ஒரு வார்த்தைய போட்டு பாஸ்வேர்ட் மேனேஜர்லயே எழுதி வெச்சுக்கோங்க.

கடைசியா பேக்கப் கோட் பத்து வந்துச்சு, போன் தொலைஞ்சா உள்ள போறதுக்கு. அக்கா அத போன்லயே போட்டோ எடுக்கப் போனா, போன் தொலைஞ்சா அதுவும்தானே தொலையும்னு சொல்லி பேப்பர்ல எழுத வெச்சேன், ஒவ்வொரு நம்பரா சத்தமா படிச்சு எழுதி, பீரோல சர்டிபிகேட் ஃபைலுக்குள்ள வெச்சா.

அந்த கஸ்டமர் நல்ல மனுஷன், இன்னும் வேலை குடுத்துட்டுதான் இருக்காரு. ஆனா இப்பெல்லாம் பணம் அனுப்பறதுக்கு முன்னாடி அக்காவுக்கு போன் போட்டு, அக்கவுன்ட்டோட கடைசி நாலு நம்பர சொல்லுங்கம்மான்னு கேட்டுட்டுதான் அனுப்பறாரு.