பில்லி ரைட்டின் ஒரு வாரச் சம்பளமும் என் டாக்ஸி வாடகையும்

முதலில் டாக்ஸிக்காரர் கதையை முடித்துவிடுகிறேன். அது வயிற்றில் எரிந்துகொண்டிருக்கும்வரை வேறு எதுவும் எழுத வராது.

டெல்ஃபர்டிலிருந்து அயர்ன்பிரிட்ஜுக்குப் பத்து கிலோமீட்டர்கூடக் கிடையாது. பஸ்ஸில் போனால் 3 பவுண்டுதான். காபி வாங்க வரிசையில் நின்றேன், பஸ் கண்ணெதிரே போய்விட்டது. தப்பு என்னுடையதுதான், சரி. அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டும். "பதினைந்துக்குள் வரும்" என்று சொல்லி ஏற்றிக்கொண்டார் அந்த மனிதர். அந்த ஊரில் ரவுண்டானாக்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒன்று விடாமல் எல்லாவற்றையும் எனக்குச் சுற்றிக் காட்டினார். இறங்கும்போது 26 பவுண்டு. கார்டு மெஷின் சரியாக அந்த நேரம் பார்த்து வேலை செய்யவில்லை. கிட்டத்தட்ட மூவாயிரம் ரூபாய்! நம்ம ஊர்க் கணக்கில் யோசிக்கக் கூடாது என்று எத்தனை தடவை சொல்லிக்கொண்டாலும் மனசு கேட்பதில்லை.

ஆனால் அன்று எனக்குத் தோன்றியது வேறொரு கணக்கு. நான் தேடிப் போன ஆள் பில்லி ரைட், இங்கிலாந்து கால்பந்து அணியின் கேப்டன், 1958ல் வாரத்துக்கு அதிகபட்சமாக 20 பவுண்டுதான் கிளப்பிலிருந்து வாங்க முடியும். எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் அதற்கு மேல் சம்பளம் கொடுக்கக் கூடாது என்று விதியே இருந்தது. 1961ல்தான் அதை எடுத்தார்கள். பில்லி ரைட் அதற்கு இரண்டு வருடம் முன்பே ஆட்டத்தை விட்டுவிட்டார். பாவம், தப்பான காலத்தில் பிறந்தவர்.

பிறந்தது இந்த அயர்ன்பிரிட்ஜில், 1924 பிப்ரவரி 6ஆம் தேதி. செவர்ன் ஆற்றின் பள்ளத்தாக்கில், சரிவில் ஒட்டவைத்த மாதிரி வீடுகள். கொஞ்சம் ஏறினாலே மூச்சு வாங்குகிறது. இங்கே பந்தை உதைத்தால் நேராக ஆற்றில்தான் போய் விழும். இந்தச் சந்துகளில் வளர்ந்த பையனுக்குக் கால் வலு ஏன் இருந்தது என்று யாரும் விளக்கவே வேண்டாம்.

உலகின் முதல் பெரிய வார்ப்பிரும்புப் பாலம் 1779ல் இங்கேதான் எழுந்தது, 1781ல் திறந்தார்கள். சிவப்பும் பழுப்புமாக அழகாகத்தான் இருக்கிறது. எனக்குப் பிடித்தது பாலத்தைவிடச் சுங்கச் சாவடியில் இருக்கும் கட்டணப் பலகை. சிப்பாயானாலும் சரி, அரச குடும்பமானாலும் சரி, கடக்கக் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டுமாம். இப்போது நடந்து போக இலவசம். அன்றைக்குக் காலையிலிருந்து எனக்கு இலவசமாகக் கிடைத்த ஒரே விஷயம் அதுதான், அதனால் இரண்டு தடவை நடந்தேன்.

திரும்பும்போது ஒழுங்காகப் பஸ், பிறகு ரயில், வுல்வர்ஹாம்ப்டன். 1938ல் பதினான்கு வயதில் ரைட்டும் இங்கேதான் வந்து சேர்ந்தார், இந்த ஊர் கிளப்பான வுல்வ்ஸின் (வுல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸ்) மைதானத்தைப் பராமரிக்கும் பையன்களில் ஒருவராக. ஆள் ரொம்பச் சின்னது என்று மேலாளர் மேஜர் ஃபிராங்க் பக்லி முதலில் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, அப்புறம் மனசை மாற்றிக்கொண்டாராம். வளர்ந்த பிறகும் உயரம் 173 சென்டிமீட்டர்தான். அந்த உயரத்தை வைத்துக்கொண்டு சென்டர் ஹாஃப், அதாவது தடுப்பு வரிசையின் நடு இடத்தில் நின்று, எதிரணியின் பனைமரங்களோடு எகிறித் தலையால் முட்டியவர்.

ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் நடந்து, செயின்ட் பீட்டர் தேவாலயத்தைத் தாண்டி, ரிங் ரோடுக்கு அடியில் போகும் சுரங்கப் பாதையில் இறங்கி ஏறினால் வுல்வ்ஸின் மோலினியூ மைதானம். வாட்டர்லூ சாலைப் பக்கத்து ஸ்டாண்டுக்கு அவர் பெயர். வாசலில் வெண்கலத்தில் அவரே நிற்கிறார், கையில் பந்து, அணியை உள்ளே அழைத்துப் போகிற நடை. 1994ல் இறந்தபோது அஸ்தியை இந்த மைதானத்துப் புல்லில்தான் தூவினார்கள். உள்ளே சுற்றிப் பார்க்க டிக்கெட் உண்டு. அந்தக் காசை டாக்ஸி தின்றுவிட்டது. வெளியிலேயே அரை மணி நேரம் சிலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சிலையைப் பார்க்கப் பார்க்கக் கோபம்தான் வந்தது. ரைட் என்று சொன்னால் போதும், இணையத்தில் எல்லோரும் ஒரே வீடியோவைத்தான் அனுப்புவார்கள். 1953 நவம்பர் 25, வெம்பிளி. ஹங்கேரியின் புஷ்காஷ் பந்தைக் காலடியால் பின்னுக்கு இழுக்கிறார், ரைட் பந்தே இல்லாத இடத்தில் சறுக்கிப் போகிறார், அடுத்த நொடி கோல். 6-3 என்று இங்கிலாந்து தோற்றது. ஒரு மனிதரின் பதின்மூன்று வருட உழைப்பை அந்த ஒரு சறுக்கலில் அடக்கிவிடுவது அநியாயம். அந்த ஹங்கேரிக்காரர்களிடம் அன்றைக்கு ஏமாறாத இங்கிலாந்துக்காரர் யார்? 1946 முதல் 1959 வரை இங்கிலாந்து ஆடிய 108 ஆட்டங்களில் இவர் ஆடாதது மூன்றே மூன்று. 105ல் 90க்கு கேப்டன். உலகத்திலேயே முதன்முதலாக நாட்டுக்காக நூறு ஆட்டம் ஆடியவர். நடுவர் ஒரு தடவைகூட இவர் பெயரை நோட்டில் எழுதியதில்லை. தடுப்பாட்டக்காரர், ஐயா, தடுப்பாட்டக்காரர்!

இன்னொன்று, வெம்பிளியில் ஏமாந்தபோது அவர் சென்டர் ஹாஃபே இல்லை, பக்கவாட்டில் ஆடும் விங் ஹாஃப். 1954 உலகக் கோப்பையில், சுவிட்சர்லாந்தில், சென்டர் ஹாஃபாக ஆடிய சிட் ஓவனுக்கு அடிபட்டதால்தான் நடுவில் போய் நின்றார். முப்பது வயதில் வேலையை மாற்றிக்கொண்டு, அதில் இன்னும் நன்றாக ஆடினார். ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் பாலன் தோர் வாக்கெடுப்பில், 1957ல், டி ஸ்டெஃபானோவுக்கு அடுத்த இடம். அவர் தலைமையில் வுல்வ்ஸ் மூன்று லீக் பட்டங்கள், 1949 எஃப்.ஏ. கோப்பை.

1954 டிசம்பர் 13ஆம் தேதி இதே மோலினியூவுக்கு ஹங்கேரியின் ஹொன்வேத் கிளப் அணி வந்தது. புஷ்காஷும் கூடவே வந்தார். விளக்கொளியில் ஆட்டம். வுல்வ்ஸ் மேலாளர் ஸ்டான் கல்லிஸ் முன்கூட்டியே ஆடுகளத்தில் தண்ணீர் விடச் சொல்லியிருந்தார், ஹங்கேரிக்காரர்களின் நுணுக்கமெல்லாம் சேற்றில் மாட்டட்டும் என்று. (கொஞ்சம் கள்ளத்தனம்தான். எனக்குப் பிடித்திருக்கிறது.) 0-2 என்று பின்தங்கி, 3-2 என்று ஜெயித்தார்கள். உலக சாம்பியன் நாங்கள்தான் என்று இங்கிலாந்துப் பத்திரிகைகள் குதிக்க, பிரான்சில் பத்திரிகையாளர் கேப்ரியல் ஹானோ அதை ஏற்காமல், ஐரோப்பிய கிளப்புகளுக்கென்று தனிப் போட்டி வைக்கலாமே என்று எழுதினார். அடுத்த வருடமே ஐரோப்பியக் கோப்பை பிறந்தது. அந்த வீடியோவை மட்டும் யாரும் அனுப்புவதில்லை.

ஆர்சனல் மேலாளராக அவர் சரிப்படவில்லை, அதை மறைக்க வேண்டியதில்லை. 1962 முதல் 1966 வரை ஒரு கோப்பைகூட இல்லை, வேலையும் போயிற்று. நல்ல மனிதர்களுக்கு மேலாளர் வேலை ஒத்துவராது என்பது என் கட்சி.

சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன்: ஆரஞ்சு சிப்ஸ். இந்தப் பக்கத்துக்கே உரியது. உருளைக்கிழங்கை நீளமாக வெட்டி, ஆரஞ்சு நிற மாவில் முக்கிப் பொரிக்கிறார்கள். பெயர்தான் சிப்ஸ், விஷயம் பஜ்ஜி! கடைக்காரம்மா உப்பும் வினிகரும் தாராளமாகக் கொட்டிக் கொடுத்தார். தேங்காய்ச் சட்னி இருந்திருந்தால் அங்கேயே குடியேறியிருப்பேன். நாலு பவுண்டுக்கு வயிறு நிறைந்தது. காகிதத்தில் மிச்சமிருந்த மொறுமொறுத் துணுக்குகளைக்கூட விடவில்லை.

அடுத்த சனிக்கிழமை டட்லி. ரைட்டோடு இங்கிலாந்துக்கு ஆடி, மியூனிக் விமான விபத்துக்குப் பின் 21 வயதில் போய்விட்ட டங்கன் எட்வர்ட்ஸின் ஊர். அங்கே செயின்ட் ஃபிரான்சிஸ் தேவாலயத்தில் அவர் நினைவாக வண்ணக் கண்ணாடி ஜன்னல் வைத்திருக்கிறார்கள். போவது பஸ்ஸில். காபி வீட்டிலேயே குடித்துவிட்டுக் கிளம்புவேன்.