முதல் நாள் புண்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்

புண் ஆறுவது பற்றிய கட்டுரைகளில் படம் மாறிப்போவது பெரும்பாலும் 0-ஆம் நாள், அதாவது புண் உண்டாக்கிய நாள், எடுத்த படத்தில்தான். எலியின் முதுகில் 6 மில்லிமீட்டர் ‘பஞ்ச்’ கருவியால் தோலை வட்டமாக வெட்டினால் எல்லா எலிக்கும் அதே சிவந்த வட்டம். மருந்து போடப்போகிற எலி எது, ஒப்பிடுவதற்காக மருந்து போடாமல் விடும் கன்ட்ரோல் எலி எது என்று படம் சொல்லாது. 4 குழு, குழுவுக்கு 6 எலி, 0, 3, 7, 10, 14 என 5 நாள் என்றால் 120 படங்கள். அவற்றுக்கு ‘கன்ட்ரோல் 1’, ‘கன்ட்ரோல் புதுசு’ என்று பெயர் வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்துப் பவர்பாயின்டில் அடுக்கினால் மாறாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இடம் பிடிக்க வைத்த பழைய படம் மாற்றப்படாமலே அச்சுக்குப் போவதும் உண்டு. கோப்பின் பெயரிலேயே எலியின் காது எண், குழு, நாள், தேதி நான்கும் இருந்தால் பாதித் தொல்லை தீரும்.

செல் கீறல் சோதனையில் சிக்கல் வேறு. தட்டின் குழிகளில் வளர்த்த செல் படலத்தை 200 மைக்ரோலிட்டர் பிப்பெட் முனையால் கீறி, கீறல் எப்படி மூடுகிறது என்று 0, 12, 24 மணியில் படம் எடுப்பார்கள். ஒரே குழியில் தட்டைக் கொஞ்சம் நகர்த்தி எடுத்த இரண்டு படங்கள் ஓரத்தில் ஒன்றின்மேல் ஒன்று படியும். அவை இரண்டு வெவ்வேறு குழுக்களின் பெயரில் வந்துவிட்டால் சட்டென்று கண்ணில் படாது. கீறலின் ஓரத்துப் பிசிறுகளையும் மிதக்கும் செத்த செல்களின் இருப்பிடத்தையும் பாருங்கள். கைரேகை மாதிரி அவை இரண்டு இடத்தில் ஒத்துப்போகாது. ஃபோட்டோஷாப்பில் ஒன்றை மற்றொன்றின் மேல் வைத்து ‘டிஃபரன்ஸ்’ முறையில் நகர்த்தினால், பொருந்தும் பகுதி கறுத்துப்போகும். திருப்பியும் கவிழ்த்தும் பார்க்க வேண்டும்.

கட்டுரைகளில் படக் கோளாறுகளைத் தேடும் நுண்ணுயிரியலாளர் எலிசபெத் பிக்கும் உடன் ஆய்வாளர்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், பார்த்த 20,621 உயிர்மருத்துவக் கட்டுரைகளில் 3.8 சதவீதத்தில் படச் சிக்கல் இருந்தது. அவற்றில் பாதிக்குக் குறையாதவற்றில் வேண்டுமென்றே செய்த அறிகுறிகள் தெரிந்தன. தவறுதலாகப் படத்தை மாற்றி வைத்தவர் மீதும் அதே சந்தேகம் விழும். அவரிடம் இருக்கும் ஒரே சாட்சி, மைக்ராஸ்கோப்போ கேமராவோ எழுதிய அசல் கோப்பும் அதில் பதிந்த நேரமும்தான். வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருங்கிய பிரதி அதற்கு ஈடாகாது.

அச்சான கட்டுரைக்குத் திருத்தம் எழுத உட்காரும் பலர் படத்தை மட்டும் மாற்றிவிட்டு ‘முடிவுகள் பாதிக்கப்படவில்லை’ என்று ஒரு வரி சேர்க்கிறார்கள். அந்த வரியை எழுதும் உரிமை, வரைபடத்தைத் திரும்பக் கணக்கிட்டவருக்கே உண்டு. தவறான படம் அச்சில் மட்டும் வந்ததா, படத்தை அளக்கும் மென்பொருளான இமேஜ்ஜேயில் பரப்பளவு அளந்ததும் அதிலிருந்தா என்பதுதான் கேள்வி. அளந்திருந்தால் அந்த எலியின் புண் அளவு, குழுவின் சராசரி, வித்தியாசம் தற்செயலா என்று மதிப்பிட உதவும் பி மதிப்பு எல்லாமே மாறலாம். அப்போதே ஸ்கேலையும் சரிபார்க்க வேண்டும். படத்தில் அளவுகோல் இல்லாமல், 7-ஆம் நாள் கேமரா கிட்டே போய் நீளம் 10 சதவீதம் கூடித் தெரிந்தால், பரப்பளவு 21 சதவீதம் கூடும். ஆறிய புண் ஆறாததாகத் தெரியும்; மருந்தின் மேல் பழி விழும்.

ஒரு படம் தப்பு என்றால் மற்ற எல்லாப் படங்களையும், அதே கன்ட்ரோல் வந்த முந்தைய கட்டுரைகளையும் பார்த்துவிட்டுத்தான் இதழின் ஆசிரியருக்கு எழுத வேண்டும். இரண்டாவது திருத்தம் வந்தால் முதல் திருத்தத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள். எந்தப் படம், எந்தப் பகுதி, எதற்குப் பதில் எது வந்தது, எப்படி நேர்ந்தது, எண்கள் மாறினவா என்பது கடிதத்தில் இருக்கட்டும். அசல் கோப்புகளை, இதழ் கேட்பதற்கு முன்பே இணைத்துவிடுங்கள். கட்டுரையைச் சேர்ந்து எழுதியவர்கள் எல்லோரும் கடிதத்தைப் படித்து ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

அசல் கோப்பு கிடைக்கவே இல்லை என்றால், இன்று புதிதாக ஒரு எலியைப் படமெடுத்து அந்த இடத்தில் வைக்கக் கூடாது. சோதனையை மறுபடி செய்ய இதழ் சம்மதித்தால், மறுபடி செய்தது என்று தேதியோடு எழுதி, புதிய படத்துடன் புதிய எண்களையும் கொடுக்க வேண்டும். சம்மதிக்காவிட்டால் அந்தப் படத்தையும் அதைத் தாங்கி நிற்கும் வாக்கியங்களையும் விலக்கிக்கொள்ள வேண்டியதுதான். கட்டுரையே அதன்மேல் நின்றால், கட்டுரையையும்.