டம்ஃப்ரீஸில் ஒரு டிசம்பர் 11

ஊரிலிருந்து கிளம்பிய அன்று பெட்டியின் எடை 23 கிலோவைத் தாண்டிவிட்டது. புளி, மோர்மிளகாய், இட்லித் தட்டு என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தோம். அடியில் கிடந்த தினசரி காலண்டரை மட்டும் அப்பா எடுக்க விடவில்லை. "அது இருக்கட்டும்மா. அங்க என்னைக்கு என்ன நாள்னு உனக்கு யார் சொல்லுவா?" என்றார்.

அப்பா கோவில்பட்டிப் பக்கம் தமிழாசிரியராக இருந்தவர். காலையில் காப்பி குடிப்பதற்கு முன்னால் காலண்டர் தாளைக் கிழிப்பார். ராகு காலத்தையும் எமகண்டத்தையும் தாண்டி அவர் கண் தாளின் அடிப்பக்கம் போகும். அன்று பிறந்தவர், மறைந்தவர் பெயர் அங்கேதான் சின்ன எழுத்தில் இருக்கும். அந்தப் பெயர் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையின் வலது மூலைக்குப் போய்விடும். செப்டம்பர் 5 ஆசிரியர் தினம் என்று பிள்ளைகள் பூ வாங்கி வந்தால் வாங்கிக்கொள்வார். பிறகு, "இன்னைக்கு வ.உ.சி. பிறந்த நாளும்தான். ஓட்டப்பிடாரம் நமக்கு எவ்வளவு தூரம்? நாம நினைக்கலைன்னா யார் நினைப்பா?" என்பார். அக்டோபர் 2 வந்தால் காந்தி பிறந்த நாளோடு காமராசர் மறைந்த நாளையும் சேர்த்து எழுதுவார். 1975-ல் அந்தத் தேதியில்தான் அவர் போனார். அக்டோபர் 16 கட்டபொம்மன் நாள்; கயத்தாற்றில் அந்தப் புளியமரம் இருந்த இடத்தை எங்களுக்குக் காட்டியதும் அப்பாதான்.

ஆனால் எங்கள் வீட்டின் பெரிய நாள் டிசம்பர் 11. எட்டயபுரம் பக்கத்து ஊர். பாரதி பிறந்த வீட்டுக்கும், 1947-ல் திறந்த மணிமண்டபத்துக்கும் ஒரு பஸ் பிடித்தால் போய்விடலாம். அன்று நான் ஒப்பிக்காத வருஷம் கிடையாது. நடுவில் மறந்துபோய் நின்றால் அப்பா எடுத்துக் கொடுக்க மாட்டார். காத்திருப்பார். அந்தக் காத்திருப்பில் வரி தானாக வந்துவிடும்.

எங்கள் பக்கத்தில் தலைவர்களின் நாட்களுக்கு இன்னொரு முகமும் உண்டு. சில தேதிகளில் பஸ் ஓடாது, கடை திறக்காது, சாலை முழுக்க போலீஸ் நிற்கும். ஒருவரை நினைப்பது இன்னொருவரைப் பயமுறுத்துவதாக மாறிவிடும் அந்த வேதனையையும் பார்த்துத்தான் வளர்ந்தேன்.

நர்ஸ் வேலைக்கு டம்ஃப்ரீஸ் வந்து சேர்ந்தபோது ஸ்காட்லாந்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நித் என்ற ஆறு ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஓடுகிறது. டிசம்பரில் நான்கு மணிக்கு முன்னாலேயே சூரியன் போய்விடும். பகல் டூட்டி பார்ப்பவர்கள் இருட்டில் போய் இருட்டில் திரும்புவோம். முதல் ஆறு மாதம் எனக்குத் தேதியே மறந்துபோனது. இத்தனைக்கும் வார்டில் நாள் முழுக்க வாயில் வருவது தேதிதான். ஒரு மாத்திரை கொடுப்பதற்கு முன்னால்கூட பெயர் என்ன, பிறந்த தேதி என்ன என்று நோயாளியைக் கேட்டாக வேண்டும். அதே நோயாளி போய்விட்டால் நேரம் பார்த்து எழுதுவதும் நாங்கள்தான். அப்படி ஊரார் தேதியெல்லாம் என் கையில் புரண்டது. கார்த்திகை எப்போது வந்துபோனது என்று மட்டும் தெரியாமல் இருந்தேன். அப்பா கொடுத்த காலண்டர் பத்து நாள் தாள் கிழியாமல் தொங்கிக்கொண்டிருக்கும்.

ஒரு ஜனவரியில், மூன்றாவது படிக்கும் என் மகள் பள்ளியிலிருந்து ஒரு தாளோடு வந்தாள். ஒப்பிக்க வேண்டுமாம். வாங்கிப் பார்த்தேன், பாதிக்கு மேல் புரியவில்லை. நான் படித்த ஆங்கிலம் அது இல்லை. "அம்மா, இது ஸ்காட்ஸ்" என்றாள். ஏர் உழும்போது ஒரு எலியின் வளை உடைந்துவிடுகிறது. குளிர் வரப்போகும் நேரத்தில் வீட்டை இழந்த அந்தச் சின்ன உயிரிடம் உழவன் மன்னிப்புக் கேட்கிற மாதிரி பேசுகிறான். ராபர்ட் பர்ன்ஸ் 1785-ல் எழுதியது. மகள் அர்த்தம் சொல்லச் சொல்ல எனக்கு உடம்பு சிலிர்த்தது. வீட்டில் இருந்த கொஞ்ச அரிசியையும் குருவிக்கு அள்ளிப் போட்டுவிட்டு, காக்கையும் குருவியும் நம் சாதி என்று பாடிய மனுஷனின் சொந்தக்காரன் யாரோ இந்த ஊரிலும் இருந்திருக்கிறான் என்று தோன்றியது.

அவள் ஒப்பித்த அன்று பள்ளிக்குப் போயிருந்தேன். நடுவில் ஒரு வரி மறந்து நின்றாள். அவள் டீச்சர் எடுத்துக் கொடுக்கவில்லை, காத்திருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஜனவரி 25 பர்ன்ஸ் பிறந்த நாள். 1759-ல் அல்லோவே என்ற கிராமத்தில் பிறந்து, 1796 ஜூலை 21-ல் எங்கள் டம்ஃப்ரீஸில்தான் மறைந்தார். அந்த வருஷம் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் பர்ன்ஸ் விருந்துக்கு அழைத்துப் போனார். ஊர்ப் பொதுக் கூடம், நாற்பது ஐம்பது பேர். எல்லோரும் எழுந்து நிற்க, பேக்பைப் வாசித்துக்கொண்டு ஒருவர் முன்னே வர, பின்னால் தட்டில் ஹாகிஸ் வருகிறது. ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரலைக் கொத்தி, ஓட்ஸும் வெங்காயமும் மிளகும் சேர்த்து அவித்தது. ஒருவர் அதைப் பார்த்துக் கவிதை சொல்லி, சரியான வரி வந்ததும் கத்தியால் கீறினார், ஆவி பறந்தது. சாமி புறப்பாடு மாதிரி இருந்தது எனக்கு. வாயில் வைத்தபோது மிளகு தூக்கலாகப் போட்ட ஈரல் வறுவலின் ஞாபகம் வந்தது.

அதற்கப்புறம் வந்ததுதான் நான் சொல்ல வந்த விஷயம். விருந்தின் நடுவில் 'அழியா நினைவு' என்று ஒரு உரை உண்டு. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு விவசாயி எழுந்து பேசினார். முதல் பத்து நிமிஷம் புகழ்ச்சி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு ஜமைக்காவைப் பற்றிச் சொன்னார். 1786-ல் கையில் காசில்லாமல், பர்ன்ஸ் ஜமைக்காவுக்குக் கப்பலேறத் தயாராக இருந்தாராம். அடிமைகள் உழைத்த தோட்டத்தில் கணக்குப் பார்க்கும் வேலை. அந்த ஜூலையில் அச்சான அவருடைய முதல் புத்தகத்தின் 612 பிரதிகளும் விற்றுப்போனதால் பயணம் நின்றது. "எலிக்காக அழுதவர் அந்த வேலைக்குப் போகச் சம்மதித்தார். அதையும் சேர்த்துத்தான் நாம் அவரை நினைக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுக் கோப்பையைத் தூக்கினார். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

எனக்கு உடனே ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டம் ஞாபகம் வந்தது. அங்கே கொண்டுபோகப்பட்ட நம் பெண்களை நினைத்து விம்மிய பாரதி ஞாபகம் வந்தார். இரண்டு ஏழைக் கவிஞர்கள். ஒருவர் கடல் கடந்த தோட்டத்துக்குக் கணக்கெழுதப் போக இருந்தவர், இன்னொருவர் அதே மாதிரித் தோட்டத்திலிருந்து வந்த அழுகையைக் கேட்டவர். எந்த மேடையிலும் நான் கேட்டிராத நேர்மை அந்தக் கூடத்தில் இருந்தது. நாம் மாலை போடுகிறோம், மலர் தூவுகிறோம், பிழைப்புக்காக ஒரு மனுஷன் பட்ட தடுமாற்றத்தைச் சொல்வதற்கு அஞ்சுகிறோம். குறையைச் சொன்னால் ஆள் சிறுத்துவிடுவார் என்ற பயம் நமக்கு. அன்று பர்ன்ஸ் சிறுக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்த ஊரைக் கண் திறந்து பார்க்க ஆரம்பித்தேன். தினமும் கடந்துபோகும் கடைத்தெருவில் நிற்கும் வெள்ளைச் சலவைக்கல் சிலை அவருடையது. 1882-ல் திறந்தார்கள், பாரதி பிறந்த அதே வருஷம். அவர் கடைசியாக வாழ்ந்த வீடு சிவப்புக் கல் கட்டடம். மாடியில் அவர் எழுதிய சின்ன அறையின் ஜன்னல் கண்ணாடியில் வைரத்தால் தன் பெயரைக் கீறி வைத்திருக்கிறார். ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்று வெளிச்சம் விழப் பார்த்தால்தான் தெரியும். எழுத்து சாய்வாக, ஒரே வீச்சில் போகிறது. தொடக்கூடாது. பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவருக்கு இதய நோய் இருந்திருக்கும் என்று சொல்கிறார்கள். அந்தக் கால வைத்தியம் அவரை சால்வே கடலோரத்துக்கு அனுப்பி, குளிர்ந்த கடல் நீரில் இறங்கி நிற்கச் சொன்னது. ஒரு நர்ஸாக அதைப் படிக்கும்போது என் கை பதறுகிறது. கடைசி வாரங்களில் துணிக்கடைக் கடனுக்குப் பயந்து உறவினருக்குப் பணம் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறார். 37 வயது. அடக்கத்துக்கு ஊரே திரண்டது. அதே நாளில்தான் மனைவி ஜீன் கடைசிப் பிள்ளையைப் பெற்றெடுத்தாள். கணவனின் அடக்கத்துக்கு அவளால் போக முடியவில்லை.

பாரதிக்கு 38 முடிந்திருந்தது. திருவல்லிக்கேணி யானை தள்ளியதிலிருந்து தேறி, 1921 ஜூலை கடைசியில் ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலையில் 'மனிதனுக்கு மரணமில்லை' என்று பேசிவிட்டு வந்தவர். வயிற்றுக்கடுப்பு கொண்டுபோனது. அவருடைய இறுதி ஊர்வலத்தில் இருபது பேர்கூட இல்லை என்று அப்பா ஒவ்வொரு வருஷமும் சொல்வார், ஒவ்வொரு வருஷமும் அந்த இடத்தில் குரல் உடையும்.

பாரதி மறைந்தது செப்டம்பர் 11-ஆ 12-ஆ என்ற கேள்வியும் எங்கள் வீட்டில் வருஷந்தோறும் வரும். உயிர் பிரிந்தது பின்னிரவு ஒன்றரை மணி. நள்ளிரவோடு தேதி மாறும் என்று எடுத்தால் 12, விடிந்தால்தான் மறுநாள் என்ற நம் வழக்கில் 11. ஆவணத்தில் 12 இருக்கிறது. 2021-ல் தமிழக அரசு செப்டம்பர் 11-ஐ மகாகவி நாள் என்று அறிவித்தது. அப்பா இரண்டு நாளும் கரும்பலகையில் எழுதுவார். இங்கேயும் இப்படி ஒரு கதை உண்டு. 1801-ல், பர்ன்ஸ் மறைந்த ஐந்தாம் வருஷம், ஜூலை 21 அன்று ஒன்பது பேர் அவர் பிறந்த குடிசையில் கூடிச் சாப்பிட்டதுதான் முதல் விருந்து. அதாவது அது நினைவு நாள். பிறகு கிரீனக் ஊர்க்காரர்கள் பிறந்த நாளுக்கு மாற்றினார்கள். அதைத் தப்பாக ஜனவரி 29 என்று நினைத்து 1802-ல் கொண்டாடியும் விட்டார்கள். அடுத்த வருஷம் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து 25 என்று திருத்தினார்கள். இதைப் படித்ததும் அப்பாவுக்குப் போன் போட்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "நாயன்மார்னா முக்தி அடைஞ்ச நட்சத்திரத்தில குருபூசை, அப்பருக்குச் சித்திரைச் சதயம். ஆண்டாள்னா பிறந்த ஆடிப்பூரம். நம்மகிட்ட ரெண்டும் இருக்கு, அவங்களும் ரெண்டையும் பார்த்திருக்காங்க பாரேன்" என்றார். அன்று அரைமணி நேரத்துக்கு மேல் பேசினார்.

அந்தப் பிப்ரவரியில் அப்பா போய்விட்டார். ராத்திரி ஒன்று பத்துக்கு, 9-ம் தேதி என்று அண்ணன் சொன்னான். எனக்கு அப்போது இங்கே 8-ம் தேதி சாயங்காலம் ஏழு நாற்பது. அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. மற்றவர்களுக்கு எத்தனையோ முறை மரண நேரம் எழுதிய கை, என் அப்பாவின் நேரத்தை எதில் எழுதுவது என்று தெரியாமல் நின்றது. திதி கொடுப்பது அண்ணன். ஊர்க் கணக்குத்தான் அதற்குச் சரி. ஆனால் என் உடம்பு அறிந்த நாள் 8.

அந்த வருஷ டிசம்பரில் ஒரு முடிவுக்கு வந்தேன். இங்கே தமிழ்ச் சங்கம் இல்லை, மேடை இல்லை, பெரிய ஊருக்குக் காரில் போக வேண்டும் என்று நாலு வருஷம் தள்ளிப்போட்டது போதும். ஒன்பது பேர் குடிசையில் உட்கார்ந்து ஆரம்பித்ததுதானே இவர்களுடையது. என் வீட்டுக் கூடத்தில் ஏழு பேர். நாகர்கோவில்காரி அக்கா, அவர் வீட்டுக்காரர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நாற்பது வருஷமாக இந்தப் பக்கம் வாழும் டாக்டர் ஐயா, நாங்கள் மூன்று பேர், என்னை விருந்துக்கு அழைத்துப் போன அந்தச் சகோதரி. ஐயா பாரதியைப் பேசும்போது புகழ்ந்ததோடு நிற்கவில்லை. கடலூர்ச் சிறையிலிருந்து வெளிவரப் பாரதி எழுதிக் கொடுத்த உறுதிமொழியையும், வீட்டில் செல்லம்மா பட்ட பாட்டையும் சொன்னார். "இதையும் சொன்னாத்தான் பிள்ளையள் நம்புவினம்" என்றார். அக்கா பருப்புப் பாயசம் வைத்திருந்தார். மகள் குருவிப் பாட்டைத் தமிழில் சொல்லிவிட்டு, எலிப் பாட்டை ஸ்காட்ஸில் சொன்னாள். தமிழில் ஒரு இடத்தில் நின்றாள். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

இந்த வருஷத்துக்குத் தினசரி காலண்டர் அனுப்ப ஊரில் அப்பா இல்லை. சமையலறையில் இந்த ஊர்க் கடையில் வாங்கிய மாதக் காலண்டர்தான் தொங்குகிறது, நாளுக்கு ஒரு கட்டம். புத்தாண்டன்று மகள் பேனாவோடு ஸ்டூல் மேல் ஏறி நின்றாள். ஜனவரி 25-ல் பர்ன்ஸ். கடைசிப் பக்கம் புரட்டி டிசம்பர் 11-ல் பாரதி. செப்டம்பரில் வ.உ.சி.யை எழுதிவிட்டு, 11, 12 இரண்டிலும் பாரதியை எழுதினாள், தாத்தா சொன்ன மாதிரி. பிறகு பிப்ரவரிக்கு வந்தாள்.

"அம்மா, தாத்தாவை எந்தக் கட்டத்தில எழுத?"

"ரெண்டுக்கும் நடுவுல கோடு இருக்குல்ல, அதுமேல எழுதும்மா."

இடம் போதாமல், எழுத்துகளை நெருக்கி நெருக்கி எழுதினாள்.